பதினோரு விநாடி

ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கோர்ட் ஹாலின் கடைசியில், சுவரை ஒட்டி நிற்கும் கூட்டத்தில் நானும் அத்தையும். மாஜிஸ்திரேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த டிவியில் மாமா வந்தார். கிளார்க் பெயரை வாசித்தார். மாமா தலையை ஆட்டினார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த தேதியைச் சொன்னார். மாமாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் நின்ற சிறைக் காவலர் அவர் தோளைத் தொட, மாமா எழுந்து போய்விட்டார். அதே நாற்காலியில் வேறு ஒருவர். மொத்தம் பதினோரு விநாடி.

இதற்காக அத்தை அன்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளிசாதம் கிண்டியிருந்தார்.

இது என் வகுப்பில் யாருக்கும் நான் சொல்லாத விஷயம். 2024 பிப்ரவரி, மார்ச்சில் ஏன் அடிக்கடி லீவு போட்டாய் என்று கேட்டவர்களிடம் "அம்மாச்சிக்கு உடம்பு சரியில்லை" என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. மாமாவே "எழுதிக்கோ மாப்ள, என் பேரை மட்டும் போட்றாத" என்று சொல்லிவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஏலச்சீட்டு நடத்தும் ஒருவரிடம் வசூல் வேலை. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கடை கடையாகப் போய்ப் பணம் வாங்கி, நோட்டில் எழுதி, சாயங்காலம் முதலாளியிடம் கட்டவேண்டும். ஒருநாள் முதலாளி ஊரை விட்டுப் போய்விட்டார். சீட்டுப் போட்டவர்களில் பாதிப்பேர் முதலாளியை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த முகம் மாமாவின் முகம்தான். புகாரில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, கையில் கிடைத்தது ஒருவர். அவர் தப்பு செய்தாரா இல்லையா என்று நான் இங்கே வக்காலத்து வாங்க வரவில்லை. வழக்கு நடக்கிறது. பணம் போனவர்களின் வயிற்றெரிச்சலும் நியாயமானதுதான், அதில் எங்கள் தெருக்காரர்களே நாலு பேர். நான் சொல்ல வந்தது மாமா உள்ளே இருந்த 47 நாட்களைப் பற்றி, அதிலும் குறிப்பாக அந்த டிவியைப் பற்றி.

கைதான அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். அவர் மாமாவை வெளிச்சத்துக்கு வரச் சொல்லி, மேலும் கீழும் பார்த்து, "அடிச்சாங்களா? உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாராம். மாமா இல்லை என்றார். உண்மையாகவே அடிக்கவில்லை. அதன்பிறகு ரிமாண்ட், மத்திய சிறை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம்.

பதினைந்து நாளைக்கு ஒருதடவை காவலை நீட்டிக்கவேண்டும் என்று வக்கீல் சொன்னார். அப்படியென்றால் மாமாவை ஊருக்குக் கூட்டிவருவார்கள், கோர்ட்டில் பார்க்கலாம் என்று அத்தை நினைத்துக்கொண்டார். நானும்தான். புளிசாதம், துவைத்து மடித்த கைலி, பிளாஸ்கில் டீ எல்லாம் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்கே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். போலீஸ் வேன் ஏதாவது வந்தால் அத்தை எழுந்து நிற்பார். பதினோரு மணிக்கு வக்கீல் குமாஸ்தாதான் வந்து, "யாரும்மா இப்ப கொண்டாறாக? எல்லாம் டிவிதாம்மா. உள்ள போய் நில்லுங்க, முகத்தையாவது பாக்கலாம்" என்றார்.

நிற்க. நான் பி.காம். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் நம் வீட்டுக்குள் ஒன்று வந்துவிட்டால் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. படித்ததைச் சொல்கிறேன்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவிலேயே இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-வது பிரிவை 2008-ல் திருத்தினார்கள், 2009 டிசம்பர் 31-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி போலீஸ் காவலுக்கு அனுப்புவதென்றால் ஒவ்வொரு தடவையும் ஆளை நேரில் கொண்டுவரவேண்டும். சிறையில் இருக்கும் நீதிமன்றக் காவலை நீட்டிக்க மட்டும் நேரிலும் கொண்டுவரலாம், வீடியோவிலும் காட்டலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 187-வது பிரிவில் இதே ஏற்பாட்டை வைத்திருக்கிறது.

இந்த வித்தியாசத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது. போலீஸ் கையில் இருப்பவரின் உடம்புக்கு ஆபத்து அதிகம், அதனால் மாஜிஸ்திரேட் தன் கண்ணால் பார்க்கட்டும். சிறைக்குப் போனபின் அந்த ஆபத்து குறைவு, வீடியோ போதும். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரில் நிறுத்தினால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் நிலையத்தில் தாக்கப்பட்டு, ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். ரிமாண்ட் செய்தபோது காயங்களை ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி அப்போது ஊரெல்லாம் கேட்டது. ஆள் எதிரே நிற்பது வேறு, அவரைப் பார்ப்பது வேறு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். நான் பள்ளியில் இருந்தேன்.

சரி, எனக்குத் தெரிந்த பாடத்துக்கு வருகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங்.

ஒரு விசாரணைக் கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர வழிக்காவலுக்குக் குறைந்தது இரண்டு போலீஸ்காரர்கள், வண்டி அல்லது பஸ் டிக்கெட், ஒரு முழு நாள், படி. வழியில் தப்பித்தால் அவர்கள் வேலைக்கே ஆபத்து. 2022-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறில் எழுபத்தைந்துக்கும் மேல்! ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு வாய்தா என்று குத்துமதிப்பாகப் போட்டாலே மாதம் எட்டரை லட்சம் பயணம். அரசாங்கம் டிவி வாங்கி வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். வீடியோ இல்லாத காலத்தில் எல்லாரையும் ஒழுங்காகக் கூட்டிவந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. "வழிக்காவல் இல்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்களாம், ஆளே இல்லாமல் காகிதத்திலேயே தேதி நீளுமாம். வக்கீலே சொன்னார். அதோடு ஒப்பிட்டால் பதினோரு விநாடி முகம் தெரிவது முன்னேற்றம்தான். 2022 செப்டம்பரில் ஒரு குஜராத் வழக்கில், குற்றப்பத்திரிகை போட அவகாசத்தை நீட்டிக்கும் மனுவை எடுக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரை நேரிலோ வீடியோவிலோ முன்னிறுத்தி அவருக்குத் தெரியப்படுத்தாமல் விடுவது வாழ்வுரிமையை மீறுவது என்றே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. எங்கள் புரொபசர் ஒருவர் அடிக்கடி சொல்வார், செலவு காணாமல் போனால் பேரேட்டில் வேறு பக்கத்தைத் திருப்பிப் பார் என்று. முன்பெல்லாம் வாய்தா நாள் என்பது வெறும் தேதி வாங்கும் நாள் இல்லையாம். குமாஸ்தா சொன்னார். வழிக்காவல் போலீஸ்காரர் கண்டும் காணாமல் பத்து நிமிஷம் விடுவார். பெண்டாட்டி டீ வாங்கிக் கொடுப்பாள், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், வக்கீல் காதோடு காதாக நாலு விஷயம் கேட்பார். எந்தச் சட்டத்திலும் இல்லாத சலுகை இது, அதனால் அது போனபோது யாரும் கணக்கில் எழுதவில்லை. அத்தை டெய்லர் கடையில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். அன்றைய கூலி போயிற்று. மாமாவிடம் பேசவேண்டுமென்றால் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, சிறை வாசலில் மனு போட்டுக் காத்திருந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, பத்துக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் கத்தும் சத்தத்தில் தானும் கத்தவேண்டும். போலீஸுக்கு மிச்சமான டீசலில் ஒரு பங்கு அத்தையின் பர்ஸிலிருந்து போனது.

இதைவிடப் பெரிய நஷ்டத்துக்கு அமெரிக்காவில் கணக்கே எடுத்திருக்கிறார்கள். சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் 1999 ஜூன் முதல் பெரும்பாலான பெரிய குற்ற வழக்குகளில் ஜாமீன் விசாரணையை வீடியோ வழியாக நடத்தினார்கள். கொலை, பாலியல் குற்றம் போன்ற சிலவற்றை மட்டும் பழையபடி நேரில். ஷாரி டயமண்ட் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 1991 முதல் 2007 வரை நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை எடுத்து அலசி, 2010-ல் கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோவுக்கு மாறிய வழக்குகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் ஏறியிருந்தது. நேரில் நடந்த வழக்குகளில் அந்த மாதிரி ஏற்றம் இல்லை. அதே நீதிமன்றம், அதே காலம், நடுவில் ஒரு திரை மட்டும் அதிகம். இதற்குள் வழக்குப் போட்டு, 2008 டிசம்பரிலேயே குக் கவுண்டி நேர் விசாரணைக்குத் திரும்பிவிட்டது.

ஏன் ஏறியது? படம் மங்கல், பேச நேரமில்லை, வக்கீல் ஓர் இடம் கட்சிக்காரர் ஓர் இடம் என்று பல காரணம் சொல்கிறார்கள். அதில் ஒன்று, கேமரா ஓர் இடத்திலும் திரை இன்னோர் இடத்திலும் இருப்பதால், பேசுபவர் நம் கண்ணைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதுபோல் தெரியும் என்பது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அன்றைக்கு கோர்ட்டில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், யாரோ எவரோ, டிவியில் மாமாவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "நிமிர்ந்து பாக்கானா பாரு. ஒரு கும்புடுகூடப் போடல, திமிரு."

அத்தை காதிலும் அது விழுந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏன் மாப்ள கும்புடல அவரு? கோயில் பூசாரியப் பாத்தாக்கூட ரெண்டு கையும் தூக்குற ஆளு" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு என்ன தெரியும்.

வீடியோவே வேண்டாம் என்று சொல்லவா இவ்வளவும்? இல்லை. அம்மாச்சி கதையைக் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிந்து அம்மாச்சி கட்டிலோடு கிடந்த நேரம் அது. மகன் ஜெயிலில் என்று சொல்லாமல் வெளியூர் என்று சொல்லிவைத்திருந்தோம், எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். சாப்பிட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். இ-முலாகாத் என்று ஓர் ஏற்பாடு இருப்பதை நான்தான் தேடிப் பிடித்தேன். இந்தியில் முலாகாத் என்றால் சந்திப்பு. இணையத்தில் பதிவு செய்து, தேதி கிடைத்தால், சிறையிலிருந்து வீடியோவில் பேசலாம். கொரோனா காலத்தில் நேர்காணல் எல்லாம் நின்றுபோனபோது நாடு முழுக்க இந்த மாதிரி வீடியோ அழைப்புகள்தான் கைகொடுத்தன.

என் போனில் மாமா வந்ததும் அம்மாச்சி, "ஐயா... இளைச்சிட்டியே ராசா" என்று சொல்லிவிட்டு, கன்னத்தைத் தடவக் கையை நீட்டினார். விரல் நேராகச் சிவப்புப் பொத்தானில் பட்டு லைன் கட்! மறுபடி இணைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கிடைத்தது, பேசினார்கள். அன்று ராத்திரி அம்மாச்சி இரண்டு இட்லி சாப்பிட்டார். இடுப்பு ஒடிந்த எழுபத்தெட்டு வயதுக் கிழவியை இரண்டு பஸ் மாற்றி யார் கூட்டிப்போயிருக்க முடியும்? அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான் அந்த சாப்ட்வேர் எழுதியவர்களைக் கும்பிடுவேன்.

அதற்கு நாங்கள் ஒரு பைசா கட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இதே வீடியோ சந்திப்பு ஒரு வியாபாரம். சிறைக்குள் ஒரே கம்பெனிக்கு ஒப்பந்தம், வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகவே முடியாது. (மோனோபோலிக்கு உதாரணம் கேட்டால் நம் பாடப்புத்தகம் ரயில்வேயைச் சொல்லும், இதைச் சொல்லலாம்.) பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2015-ல் ஓர் அறிக்கை போட்டது. வீடியோ வசதியைக் கொண்டுவந்த உள்ளூர் ஜெயில்களில் 74 சதவீதம், நேரில் சந்திப்பதையே நிறுத்திவிட்டன என்று அதில் இருந்தது. கூடுதல் வசதி என்று உள்ளே வந்தது, இருந்ததைத் தின்றுவிட்டது. பேரனோடு பேசக் கட்டிய போன் கட்டணம் தாங்காமல் மார்த்தா ரைட் என்ற பாட்டி 2000-ல் வழக்குப் போட்டார். அவர் இறந்து பல வருஷம் கழித்து, 2023 ஜனவரியில், போன் கட்டணத்தோடு வீடியோ கட்டணத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையத்துக்குக் கொடுக்கும் சட்டம் அவர் பெயரிலேயே வந்தது.

நம் உச்ச நீதிமன்றமே இந்தத் திரை விஷயத்தில் ஒரே நேர்கோட்டில் போகவில்லை. 2003-ல் பிரபுல் தேசாய் வழக்கில், சாட்சி அமெரிக்காவில் இருந்தபடியே வீடியோவில் சாட்சி சொல்லலாம், அதுவும் முன்னிலையில் சொன்னதாகவே ஆகும் என்றது. ஆனால் குடும்ப நல வழக்குகளுக்கு வீடியோவைப் பரிந்துரைத்து 2017 மார்ச்சில் சொன்னதை அதே வருஷம் அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றியது. சமரசப் பேச்சை நேரில்தான் நடத்தவேண்டும், அது முறிந்தபிறகு இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் வீடியோவைப் பரிசீலிக்கலாம் என்று. எனக்கு இதில் பிடித்தது அந்தக் "கேட்டால்" என்ற வார்த்தை. மாமாவை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்பது அடுத்த சிக்கல். 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி தயாரித்த மாதிரி விதிகளில், வீடியோ விசாரணைக்கு இரண்டு பக்கமும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கவேண்டும் என்கிறார்கள். சிறைப் பக்கம் அது யார்? சிறைக் கண்காணிப்பாளர் அல்லது பொறுப்பு அதிகாரி. யோசித்துப் பாருங்கள். சிறையில் ஒரு குறை இருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்வதற்கான ஒரே ஜன்னலை, அந்தச் சிறையின் அதிகாரிதான் பக்கத்தில் நின்று திறந்து மூடுகிறார். நல்ல அதிகாரியாக இருந்தால் சரி. வக்கீலோ மூன்று மணி நேரத்துக்கு அப்பால் கோர்ட்டில் நிற்கிறார்.

47-வது நாள் ஜாமீனில் மாமா வெளியே வந்தார். சிறை வாசலில் அத்தை முதலில் பார்த்தது அவர் வலது கையைத்தான். மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது. சிரங்கு வந்து, சொறிந்து, சீழ் பிடித்து, விரல்கள் வீங்கி மடக்க முடியாமல் இருந்தன. உள்ளே களிம்பு கொடுத்தார்களாம், மாத்திரையும் கொடுத்தார்களாம், கேட்கவில்லை. ஊருக்கு வந்து டாக்டர் கீறிவிட்டுக் கட்டுப்போட்டார். மோதிர விரல் இன்றைக்கும் முழுசாக நிமிராது.

"வாய்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா" என்று கேட்டேன்.

"சொன்னேன் மாப்ள. மைக்க யாரும் போடல போல. கையத் தூக்கிக் காட்டலாம்னு பாத்தா, கேமராவுல நெஞ்சு வரைக்குந்தான் தெரியுது. நான் டிவியில அய்யா மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், அவரு எங்கிட்டோ பாத்தாரு. அதுக்குள்ள அடுத்த ஆள்."

அத்தைக்கு அந்தக் கும்பிடு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போனார்.

இதெல்லாம் சேர்ந்து எனக்கு வீடியோவின் மேல் நல்ல கோபம் இருந்த ஒருநாள், மாமாவிடமே கொட்டித் தீர்த்தேன். நேரில் கூட்டிவந்திருந்தால் கை அன்றைக்கே தெரிந்திருக்கும், அத்தை புளிசாதம் கொடுத்திருப்பார், இப்படி. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ சொல்றது சரிதான். ஆனா ரெண்டு போலீஸ்காரங்க நடுவுல நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல எறங்கி, சீட்டுக் காசு கட்டுன கடைக்காரங்க எல்லாம் வேடிக்கை பாக்க நடக்குறதுக்கு, அந்த டிவியே தேவலாம்னு இருந்துச்சு மாப்ள" என்றார்.

நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. நாங்கள் அவரைப் பார்க்கவேண்டும் என்று தவித்த அதே நாளில், யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று அவர் இருந்திருக்கிறார். கையைக் காட்டவேண்டும், ஊருக்கு முகம் காட்டக் கூடாது. இரண்டையும் அவரிடம் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியதுதான். நேரிலா வீடியோவிலா என்று முந்தின வாரமே ஒரு தாளில் எழுதி வாங்கலாம். கேமராவை நாலடி தள்ளி வைத்து முழு ஆளும் தெரியச் செய்யலாம். காவலர் அறைக்கு வெளியே நிற்க, வக்கீலோடு தனியாக இரண்டு நிமிஷம் பேச விடலாம். அந்த முதல் ராத்திரி மாஜிஸ்திரேட் கேட்ட "உடம்புக்கு ஏதாவது இருக்கா" என்ற கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கலாம். மாமா சொல்கிறார், அந்த 47 நாளில் கோர்ட் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதானாம்.

இப்போது ஜாமீனில் இருப்பதால் வாய்தாவுக்கு அவரே நேரில் போகவேண்டும். போனதடவை எனக்குக் கல்லூரி லீவு, நானும் கூடப் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா முன்னால் போய், நிமிராத விரலோடு இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டார். மாஜிஸ்திரேட் வேறு ஒருவர். கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அடுத்த தேதி சொன்னார். பழக்க தோஷத்தில் எண்ணியிருந்தேன், ஒன்பது விநாடி.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் மூன்று டீ சொன்னோம்.